மேட்டுப்பாளையத்தில் ஏறி குன்னூர், கோத்தகிரி வழியாக இறக்கம்: ஊட்டிக்குப் போகாமல் ஒரு நாள் போதுமா?

கொடுமுடியான்

வணக்கம்ங்க. ஜூலை முதல் வாரத்தில் ஒரு சனிக்கிழமை நீலகிரி போகலாம்னு இருக்கிறோம். ஊட்டி டவுனுக்கு வேண்டாம், கூட்டம் தாங்காது. மலைப்பாதையையே நின்று நின்று பார்த்துப் போகணும் என்பதுதான் எண்ணம். முதல் நாள் ராத்திரி மேட்டுப்பாளையத்தில் தங்கல். காலையில் பர்லியார் வழியாகக் குன்னூர் ஏறி, அங்கிருந்து கட்டபெட்டு, கோத்தகிரி வந்து, குஞ்சப்பனை வழியாக இருட்டுக்கு முன்னாடி இறங்கிடணும்.

அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. பசங்க இரண்டு பேர், 11 வயது, 7 வயது. சின்னவனுக்கு வளைவு ஆரம்பித்தாலே வாந்தி. வண்டி ஏஎம்டி கியர் (கிளட்ச் பெடல் இல்லை, கியர் தானாக மாறும்) ஹேட்ச்பேக், பெட்ரோல். மலையில் இதுவரை இந்த வண்டியை ஓட்டியதில்லை.

குன்னூர் பக்கம் லேம்ஸ் ராக், டால்பின் நோஸ் என்ற இரண்டு காட்சிமுனைகளில் ஒன்றுதான் என்றால் எது? கோடநாடு காட்சிமுனையையும் சேர்த்துக்கொள்ள நேரம் இருக்குமா? இறக்கத்தில் ஏஎம்டி வண்டியை எந்த கியரில் விடுவது? ஏறும்போது நிறுத்தக்கூடாத இடம் எது என்பதையும் சொல்லுங்க.

---

குன்னூர்க் குளிர்

நல்ல திட்டம்ங்க. ஏறும் வழி, இறங்கும் வழி இரண்டையும் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். கோடை சீசனில் போலீஸே இப்படித்தான் ஒருவழிப் பாதை ஆக்குவார்கள், ஏற்றம் குன்னூர் வழி, இறக்கம் கோத்தகிரி வழி. மற்ற மாதங்களில் இரண்டு பக்கமும் இருவழிதான். எதிரே லாரி, பஸ் வரும் என்பதை மனதில் வைத்து ஓட்டுங்கள்.

முதலில் இ-பாஸ். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வெளியூர் வண்டிகளுக்கு இது கட்டாயம். 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு நாளொன்றுக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பும் போட்டார்கள். நீங்கள் சனிக்கிழமை போவதால் கடைசி நேரம் வரை விடாமல் தேதி முடிவானதும் எடுத்துவிடுங்கள். கல்லாறு சோதனைச் சாவடியில் க்யூஆர் கோடு கேட்பார்கள். சிக்னல் கிடைக்காவிட்டால் திறக்காது, அதனால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் பிளாஸ்டிக்கும் பார்ப்பார்கள். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் கூடாது. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள், மேலே தண்ணீர் ஏடிஎம் இருக்கிறது.

மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரம். குன்னூர் 1,800 மீட்டரைத் தொடும். இடையில் 34 கிலோமீட்டர், 14 கொண்டை ஊசி வளைவு. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. கீழே 28 என்றால் மேலே 18, 19 இருக்கும். ஸ்வெட்டரை டிக்கியில் அடியில் போட்டுவிடாதீர்கள்.

கல்லாறு தாண்டியதிலிருந்து பர்லியார் வரை எங்கேயும் நிறுத்த வேண்டாம். இது யானை வழித்தடம். மூங்கிலும் நிழலுமாக அழகாக இருக்கும், செல்ஃபி எடுக்கத் தோன்றும். ஆனால் ஓரமாக ஒதுங்கவும் இடமில்லை, வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்றும் தெரியாது.

பர்லியாரில் தாராளமாக நிறுத்தலாம். சமவெளிப் புதர்க்காடு முடிந்து, தேயிலை தொடங்குவதற்கு முன்னால் உள்ள ஈரமான நடுப்பகுதி இது. பாக்கு, மிளகு, பலா எல்லாம் இங்கேதான். அரசு தோட்டக்கலைப் பண்ணை 1871இல் தொடங்கியது. ரோட்டோரக் கடைகளில் ஜூலையில் மங்குஸ்தான் வரத்து நன்றாக இருக்கும். வாங்கும்போது இரண்டு விரலால் லேசாக அமுக்கிப் பாருங்கள். ஓடு கொஞ்சம் உள்வாங்கினால் நல்ல பழம். கல்லு மாதிரி இருந்தால் நாள் ஆனது, உடைத்தால் சுளை பழுப்பாக இருக்கும். ஓட்டின் மேல் மஞ்சள் பிசின் ஒட்டியிருந்தால் உள்ளேயும் கசப்பு இறங்கியிருக்க வாய்ப்புண்டு. பழத்தின் அடியில் சின்னப் பூ மாதிரி ஒரு தழும்பு இருக்கும். அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. பசங்களை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள், பொழுது போகும். தோல் சாறு துணியில் பட்டால் போகாது. டுரியான் வாங்கினால் ஏசி போட்டுக்கொண்டு போக முடியாது, சின்னவன் வேறு இருக்கிறான், விட்டுவிடுங்கள். குரங்கு அதிகம். கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

பர்லியாரிலிருந்து மரப்பாலம், காட்டேரிப் பூங்கா என்று வரிசையாக வரும். லாஸ் அருவி குன்னூருக்கு ஏழு கிலோமீட்டர் முன்னால். இந்த மலைப்பாதையைப் போட்ட பொறியாளர் லா என்பவரின் பெயர்தான் அதற்கு. தண்ணீரில் இறங்க வேண்டாம். பாறை வழுக்கல், மேலே மழை பெய்தால் கீழே தெரியாமலே நீர் ஏறும். ரோட்டிலிருந்து பார்த்தால் போதும்.

குன்னூருக்குள் நுழைந்ததும் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நெரிசலில் சிக்காமல், நேரே டால்பின் நோஸ் ரோட்டைப் பிடித்துவிடுங்கள். அம்மாவுக்கு டால்பின் நோஸ்தான். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து நடை குறைவு, பாதை போட்டிருக்கிறது, கம்பி பிடித்துக்கொண்டு நிற்கலாம். எதிரே பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் கேத்தரின் அருவி முழுசாகத் தெரிவது இங்கிருந்துதான். லேம்ஸ் ராக் அதே ரோட்டில் முன்னதாகவே வரும், குன்னூரிலிருந்து எட்டு கிலோமீட்டர். அது காட்டுக்குள் ஏறி இறங்கும் மண் பாதை, வேர் தடுக்கும். நீங்களும் பசங்களும் போகலாம், அம்மா வண்டியில் இருக்க நேரிடும்.

முக்கியமானது நேரம். காலை ஒன்பது மணிக்குள் டால்பின் நோஸில் நில்லுங்கள். வெயில் ஏற ஏற சமவெளியிலிருந்து சூடான காற்று சரிவைப் பிடித்து மேலே வரும், குளிர்ந்து மேகமாகும். பதினொன்றுக்கு மேல் போனவர்கள் பாதிப் பேர் வெள்ளைச் சுவரைத்தான் பார்த்துவிட்டு வருவார்கள். அதனால் பர்லியாரில் ஏழரைக்கு இருக்கிற மாதிரி கிளம்பி, வழியில் மற்ற எதற்கும் நிற்காமல் மேலே வந்துவிடுங்கள். சிம்ஸ் பூங்கா மாதிரி இடங்களை மஞ்சு மூடினாலும் பார்க்கலாம், அதை மதியத்துக்கு வையுங்கள். 1874இல் போட்ட பூங்கா, சரிவில் இருக்கிறது. மேல் வாசல் பக்கமே பெஞ்சில் அம்மாவை உட்கார வைத்துவிட்டுப் பசங்களைக் கீழே கூட்டிப் போகலாம்.

---

பல்சக்கரம்

குன்னூர்க் குளிர் சொன்ன நேரக் கணக்கு காட்சிமுனைக்குச் சரி. ஆனால் மலை ரயிலை அப்படியே விட்டுவிட்டாரே! பதினோரு வயதுப் பையன் இருக்கிற வீட்டுக்கு டால்பின் நோஸைவிட அதுதான் பெரிசு.

காலை ரயில் மேட்டுப்பாளையத்தில் 7.10க்குக் கிளம்பும். குன்னூர் போக மூன்று மணி நேரம் பக்கம் ஆகும். நீங்கள் காரில் அதற்கு முன்னாலேயே ஏறிவிடுவீர்கள், வழியில் பார்க்க முடியாது. அதனால் மதியம் இறங்கும் ரயிலைப் பிடியுங்கள். ஊட்டியில் 2 மணிக்குக் கிளம்பி மூன்று மணியை ஒட்டிக் குன்னூர் வரும். ஊட்டி–குன்னூர் இடையே டீசல், குன்னூரிலிருந்து கீழே நீராவி எஞ்சின். மாற்றுவதற்குக் கொஞ்ச நேரம் நிற்கும். பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே போனால் மொத்தமும் கண்ணெதிரே நடக்கும்.

பையனுக்குக் காட்ட வேண்டியது இரண்டு. ஒன்று, தண்டவாளத்துக்கு நடுவே ஓடும் பல்சட்டம். இரண்டு சட்டங்கள் அருகருகே, ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் அடுத்ததில் பள்ளம். எந்த நேரத்திலும் ஏதாவது ஒரு பல் கடித்தபடி இருக்கும், வழுக்காது. அதிகபட்சச் சரிவு 12 அடிக்கு ஓரடி. சாதாரணச் சக்கரத்தால் அதில் ஏற முடியாது. கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான் இந்தப் பல்சட்டம், அதற்கு மேல் கிடையாது. இரண்டு, எஞ்சினில் பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர். கீழே உள்ளது சக்கரத்துக்கு, மேலே உள்ளது பல்சக்கரத்துக்கு. முதல் சிலிண்டரில் வேலை பார்த்த நீராவியே இரண்டாவதுக்கும் போகும். ஏறும்போதும் இறங்கும்போதும் எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும். ஏறுகையில் பின்னாலிருந்து தள்ளும், இறங்குகையில் முன்னால் நின்று தாங்கும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக் ஆள், கையில் கொடியோடு.

மேட்டுப்பாளையம்–குன்னூர் 1899, ஊட்டி வரை 1908. 46 கிலோமீட்டரில் 16 சுரங்கம், 250 பாலம். 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

ஒரே ஒரு விஷயம். கல்லாறு, ஹில்குரோவ் பக்கம் தண்டவாளத்தில் நடந்து போகிற வீடியோக்களைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அனுமதி இல்லை. சுரங்கத்துக்குள் ஒதுங்க இடமும் இல்லை, யானையும் அதே தண்டவாளத்தில்தான் நடக்கும்.

---

குன்னூர்க் குளிர்

மூன்று மணி ரயிலைப் பார்த்தால் கோடநாடு போச்சு, அதையும் சொல்லிவிடுங்கள். கோத்தகிரியிலிருந்து கிழக்கே 18 கிலோமீட்டர், தேயிலைக்குள் வளைந்து வளைந்து போகும் ரோடு. போக முக்கால் மணி, வர முக்கால் மணி, அங்கே அரை மணி. ரயில் பார்த்துவிட்டுக் குன்னூரில் மூன்றரைக்குக் கிளம்பினால் கோத்தகிரி நாலேகால். அதற்கு மேல் கோடநாடு போய்விட்டு இறங்குவது இருட்டில்தான் முடியும்.

கோடநாடு சாதாரண இடமில்லை. கீழே மோயாறு பள்ளத்தாக்கு, தெங்குமரஹாடா வயல், தூரத்தில் பவானிசாகர் நீர்ப்பரப்பு, ஒரு பக்கம் ரங்கசாமி மலையும் அந்தத் தனித் தூண் பாறையும். நடை அதிகமில்லை, அம்மாவுக்குத் தோதான இடம். ஆனாலும் இந்தப் பயணத்தில் ரயிலோ கோடநாடோ, ஒன்றுதான். பசங்க சின்னவர்கள் என்பதால் என் ஓட்டு ரயிலுக்கு.

---

மலைப்பாதை ஓட்டி

இறக்கம் பற்றி யாரும் தொடவில்லை. இதில்தான் ஆபத்து இருக்கிறது, கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

கோத்தகிரி சுமார் 1,793 மீட்டர். மேட்டுப்பாளையம் வரை 33 கிலோமீட்டரில் ஏறக்குறைய 1,470 மீட்டர் இறங்குகிறீர்கள். உங்கள் வண்டி ஆள், சாமான் எல்லாம் சேர்த்து 1,200 கிலோ என்று வையுங்கள். அந்த இறக்கத்தில் வெளிவரும் சக்தியை அப்படியே சூடாக்கினால் ஐம்பது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டு போகலாம். எஞ்சினிடம் கொடுத்தால் அது காற்றோடு போகும். பிரேக்கிடம் கொடுத்தால் நான்கு சக்கரமும் அதை விழுங்கியாக வேண்டும். விழுங்க முடியாதபோதுதான் இந்த ரோட்டில் வேன்கள் தடுப்புச் சுவரை உடைப்பது.

ஏஎம்டியில் டி-யில் (கியர் தானாக மாறும் நிலை) வைத்து இறங்கக்கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கியர் பெட்டி நினைப்பது 'வண்டி சும்மா உருள்கிறது, மேல் கியருக்குப் போகலாம்' என்றுதான். மூன்று, நான்கு என்று அதுவாக ஏறிவிடும், எஞ்சின் பிடி விட்டுப்போகும். கோத்தகிரிக்குக் கீழே அரவேணு தாண்டியதும் எம்-க்கு (கையால் கியர் மாற்றும் நிலை) தள்ளி இரண்டில் நிறுத்துங்கள். எஞ்சின் 3,000, 3,500 சுற்றில் கத்தும். பயப்பட வேண்டாம், எதுவும் ஆகாது. கால் எடுத்த நிலையில் இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடுவதால் செலவும் கிடையாது. செங்குத்தான கொண்டை ஊசியில் ஒன்றுக்கு இறக்குங்கள். ஆனால் வேகம் குறைந்த பிறகுதான், இல்லாவிட்டால் பெட்டி ஏற்காது.

பிரேக்கை லேசாக மிதித்தபடியே இறங்குவது மோசமான பழக்கம். வளைவுக்கு முன்னால் அழுத்தமாக ஒருமுறை மிதித்து வேகத்தைக் குறையுங்கள், பிறகு முழுசாக விட்டுவிடுங்கள். விட்ட அந்த இடைவெளியில்தான் டிஸ்க் ஆறும்.

கோளாறு இரண்டு விதமாக வரும், அடையாளம் வேறு. பெடல் கல்லு மாதிரி கெட்டியாக இருக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை, கருகல் நாற்றம் வருகிறது என்றால் பேட் சூடேறி வழுக்குகிறது. பெடல் பஞ்சு மாதிரி கீழே போகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவி சேர்ந்துவிட்டது. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை தாங்கும், ஈரம் ஏறினால் 140 வரைதான். டாட் 4 என்றால் 230, 155. இரண்டு வருஷம் ஆகியிருந்தால் கிளம்புவதற்கு முன் மாற்றிவிடுங்கள். ஆயில் கொதித்தால் பெடலை வேகமாக நாலைந்து முறை அடித்தால் கொஞ்சம் பிடிக்கும். அதற்குள் கியரை இறக்கி, மலைப் பக்கமாக ஒதுக்கி நிறுத்தப் பாருங்கள். பள்ளப் பக்கம் ஒதுங்காதீர்கள்.

நாற்றம் வந்ததும் அகலமான இடம் பார்த்து நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக்கூடாது, டிஸ்க் கோணும். சூடான நிலையில் ஹேண்ட்பிரேக்கையும் இறுக்க வேண்டாம். கியரில் போட்டு, பின் சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள், பின்னால் பைக்கில் வருகிறவன் அதில் ஏறி விழுவான். நியூட்ரலில் விடுவது, சாவியை அணைப்பது இரண்டும் கூடவே கூடாது. எஞ்சின் நின்றால் பிரேக் பூஸ்டர் இரண்டு மூன்று மிதிக்குத்தான் தாங்கும், ஸ்டியரிங்கும் கனக்கும்.

ஏற்றத்துக்கும் ஒரு வார்த்தை. நெரிசலில் நின்று நகரும்போது ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி வண்டியைச் சரிவில் நிறுத்தி வைக்காதீர்கள். ஏஎம்டியில் உள்ளே இருப்பது சாதாரண கிளட்ச்தான், பத்து நிமிஷத்தில் கருகும். ஹேண்ட்பிரேக்கை இழுத்து நில்லுங்கள். கிளம்பும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தி, வண்டி முன்னால் இழுப்பது தெரிந்த பிறகு ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். முன்னால் பஸ் நின்றால் ஒரு வண்டி நீளம் இடைவெளி விடுங்கள், அது கொஞ்சம் பின்னால் உருண்டுதான் கிளம்பும்.

ஏறும் வண்டிக்கு வழி விடுவது மலை முறை. கொண்டை ஊசியில் பஸ் மேலே வருவது தெரிந்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். அதற்கு முழு அகலமும் வேண்டும்.

---

சோலைச்சிட்டு

கோத்தகிரி இறக்கத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. முள்ளூர், மாமரம், தட்டப்பள்ளம், குஞ்சப்பனை, இந்த வரிசையில் ரோட்டின் இரண்டு பக்கமும் பலா. மே முதல் ஆகஸ்ட் வரை பழம். ஜூலை என்றால் யானை சமவெளியிலிருந்து ஏறி அங்கேயேதான் இருக்கும். பகலிலும் ரோட்டைக் கடக்கும், சாயங்காலம் இன்னும் அதிகம். ஐந்தரைக்குள் குஞ்சப்பனையைத் தாண்டுகிற மாதிரி பாருங்கள்.

முன்னால் யானை நின்றால் குறைந்தது ஐம்பது அறுபது மீட்டர் தள்ளி நில்லுங்கள். எஞ்சின் ஓடட்டும், ஹாரன் வேண்டாம், ஹை பீம் வேண்டாம், யாரும் இறங்க வேண்டாம். ஒன்று கடந்தால் முடிந்தது என்று எடுக்காதீர்கள். பின்னால் குட்டியோடு இன்னும் இரண்டு வரும். மேல் வளைவில் கடந்த கூட்டம் கீழ் வளைவில் மறுபடி ரோட்டுக்கு வருவதும் உண்டு, அதனால் அடுத்த கொண்டை ஊசி வரை மெதுவாகப் போங்கள். கடையில் பலா வாங்கினால் குஞ்சப்பனை தாண்டும்வரை எங்கும் நிறுத்தக்கூடாது, வாசம் கண்ணாடிக்கு வெளியே போகும்.

காட்டுமாடு வேறு. கட்டபெட்டு, கோத்தகிரித் தேயிலைக்குள் சர்வ சாதாரணமாக மேயும். தலையைத் திருப்பிக்கூடப் பார்க்காது என்பதால் ஆட்கள் பக்கத்தில் போய் படம் எடுப்பார்கள். மூக்கால் புஸ்ஸென்று ஊதினால் அதுதான் கடைசி எச்சரிக்கை. தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் மட்டும் சிக்காதீர்கள்.

சோலைக்காடு பார்க்க ஆசை இருந்தால் லேம்ஸ் ராக் போகும் நடைபாதையே போதும். குட்டையான, பாசி படிந்த, உச்சி குடை மாதிரி விரிந்த மரங்கள். நின்று காது கொடுத்தால் நீலகிரிச் சிரிப்பான் கூட்டமாகக் கெக்கலிப்பது கேட்கும். கீழ்க்கிளையில் ஆரஞ்சும் கறுப்புமாக ஒரு சின்ன ஈப்பிடிப்பான் உட்கார்ந்திருக்கும். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் உள்ளவை இரண்டும். கோத்தகிரி ஊரை ஒட்டி 116 ஹெக்டேர் லாங்வுட் சோலை இருக்கிறது. அதற்கு வனத்துறை அனுமதியும் அரை நாளும் வேண்டும், இந்தத் திட்டத்தில் திணிக்காதீர்கள். ஜூலையில் ஈரம் இருந்தால் அட்டை ஏறும். காலுறைக்குள் பேண்டைச் செருகி, மேலே துணி சோப்பைத் தேய்த்துவிட்டால் போதும். கடித்தால் பிய்த்து இழுக்காமல் நகத்தால் பக்கவாட்டில் தள்ளுங்கள்.

---

மஞ்சூர்த்தேன்

வாந்திக்கு: காலையில் இரண்டு இட்லி, பால் கூடாது, வெறும் வயிறும் கூடாது. பின் சீட்டில் நடுவில் உட்கார வைத்து முன் கண்ணாடி வழியாகத் தூரத்தில் ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். செல்போன் கையில் இருக்கக்கூடாது, வாந்தி வருவதே பாதி அதனால்தான். மாத்திரை கொடுப்பதானால் ஏழு வயதுக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு, கல்லாறுக்கு அரை மணி முன்பே கொடுத்தாக வேண்டும். வளைவு ஆரம்பித்த பிறகு கொடுத்தால் தூக்கம் மட்டும் வரும். காது அடைத்தால் புளிப்பு மிட்டாய் சப்பட்டும்.

எல்லோரும் மறக்கிற விஷயம்: வாந்திக்கு வைக்கிற பிளாஸ்டிக் கவரைச் சாவடியில் எடுத்துவிடுவார்கள். மூடி போட்ட சின்ன எவர்சில்வர் தூக்கு, உள்ளே கிழித்த செய்தித்தாள். கழுவி மறுபடி வைத்துக்கொள்ளலாம்.

---

கொடுமுடியான்

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. அப்போ பர்லியார் 7.30, டால்பின் நோஸ் 9, லேம்ஸ் ராக்கில் நானும் பசங்களும் மட்டும், மதியம் சிம்ஸ் பூங்கா, 3 மணி ரயில், நேரே கோத்தகிரி இறக்கம். கோடநாடு இன்னொரு தடவை. பிரேக் ஆயில் மாற்றி மூன்று வருஷம் ஆச்சு, இந்த வாரமே மாற்றிடறேன். கோத்தகிரியில் டீக்கு நிற்கலாமா, இல்லை அதற்கும் நேரம் போயிடுமா?

---

மலைப்பாதை ஓட்டி

நில்லுங்கள், பத்து நிமிஷம். டீயைவிட, இறக்கத்துக்கு முன் டயர் காற்றும் பிரேக் பெடலும் பார்க்க அது நல்ல இடம். வண்டியை ஸ்டார்ட் செய்து பெடலை மிதித்தபடியே அரை நிமிஷம் வையுங்கள். மெல்ல மெல்ல அடியில் போனால் அந்த வண்டியில் இறங்க வேண்டாம், அங்கேயே மெக்கானிக்கைப் பாருங்கள். சாயங்காலம் மேட்டுப்பாளையம் வந்து தொட்டுப் பார்க்கலாம் என்று சக்கர டிஸ்க்கில் கை வைக்காதீர்கள், தோல் உரியும்.

---

தாராபுரம் நிழல்

இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். இதே சுற்றை நாங்கள் நவம்பரில் வைத்திருக்கிறோம், கார் இல்லை, அரசு பஸ். இ-பாஸ் வேண்டுமா? மழை எப்படி இருக்கும்?

---

குன்னூர்க் குளிர்

அரசு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. மேட்டுப்பாளையம்–குன்னூர், குன்னூர்–கோத்தகிரி, கோத்தகிரி–மேட்டுப்பாளையம் மூன்றுக்கும் பஸ் உண்டு. டால்பின் நோஸுக்கும் குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ் இருக்கிறது. ஆனால் எண்ணிக்கை குறைவு, திரும்பி வரும் நேரத்தைக் கண்டக்டரிடமே கேட்டுவிட்டு இறங்குங்கள்.

நவம்பர்தான் யோசிக்க வேண்டியது. கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரி கிழக்குச் சரிவு என்பதால் எங்களுக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். ஜூலையில் ஊட்டிக்கு மேற்கே கொட்டும்போது இங்கே தூறலோடு போய்விடும், நவம்பரில் தலைகீழ். 1993 நவம்பரில் மரப்பாலத்தில் மண் சரிந்ததும், 2009 நவம்பரில் மாவட்டம் முழுக்கச் சரிந்து நாற்பதுக்கு மேல் உயிர் போனதும் இந்த மழையில்தான். மலையை நேராக வெட்டி ரோடு போட்ட இடங்களில் மண் நாள் கணக்கில் நீர் குடித்து ஊறியிருக்கும். சரிவது மழை விட்ட மறுநாளாகவும் இருக்கலாம்.

அதனால் நீலகிரிக்கு ஆரஞ்சு, ரெட் எச்சரிக்கை கொடுத்தால் அன்றைக்கும் அடுத்த நாளும் வர வேண்டாம். மஞ்சள் என்றால் வரலாம். காலை பஸ்ஸில் ஏறும்போது டிரைவரிடம் பர்லியார் ரோடு எப்படி என்று கேளுங்கள், மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்புக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கும். ரயில் மண் சரிவுக்குப் பயந்து அந்த மாதம் அடிக்கடி ரத்தாகும், அதை நம்பி டிக்கெட் போட வேண்டாம். மழை இல்லாத நவம்பர் காலை கிடைத்துவிட்டால் டால்பின் நோஸில் நிற்கிற ஆளுக்குக் கேத்தரின் அருவி ஜூலையைவிட இரண்டு பங்கு தடிமனாகத் தெரியும். அதனால் தேதியைப் பூட்டிவிடாமல் ஒரு வாரம் முன்னே பின்னே நகர்த்துகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.